போட்டிக்காரியைக் கூட்டிவரக் கல்வராயன் மலைக்கு

வெளிநாட்டு மாணவன் ஒருவன் இருப்பதில் எந்தத் துறைக்கும் ஒரு வசதி உண்டு. கல்லூரியை மூடினாலும் அவனுக்கு ஓடிப்போய்ச் சேர வீடு கிடையாது. ஆகவே கூப்பிட்ட குரலுக்குக் கிடைப்பான்.

இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த காலம். சென்னையில் எங்கள் கல்லூரிக்கு மறு அறிவிப்பு வரும்வரை விடுமுறை விட்டார்கள். விடுதியில் நானும் சமையல்காரரும் அவருடைய பூனையும் மிஞ்சினோம். நான் ஈப்போவிலிருந்து தாவரவியல் முதுநிலை படிக்க வந்தவன். துறையில் யாருக்கும் என் பெயர் தேவைப்படவில்லை. எல்லாருக்கும் நான் ‘மலேசியா’.

துறைத் தலைவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். “மலேசியா, கள்ளக்குறிச்சிப் பக்கம் போயிருக்கியா?”

“இல்லை சார்.”

“போகணும். நாட்டைப் பார்க்கத்தானே வந்திருக்கே?”

நான் வந்தது படிக்க. ஆனாலும் தலையாட்டினேன். விஷயம் இதுதான். இங்கிலாந்தில் ஓர் அறக்கட்டளை, எங்கள் துறையிலிருந்து ஆண்டுதோறும் ஒரே ஒருவரை ஆராய்ச்சிப் படிப்புக்கு அழைத்துக்கொள்ளும். கப்பலோ விமானமோ, தங்கும் அறை, சாப்பாடு, குளிருக்கு ஒரு கோட்டு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எழுத்துத் தேர்வு முடிந்து நேர்காணலுக்கு மிஞ்சியவர்கள் இரண்டே பேர். நேர்காணல் செய்கிற வெள்ளைக்காரப் பெரியவர் சொன்ன நாளுக்கு முன்பே வந்து இறங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்து முடித்துவிட்டுக் கொழும்புக்குப் பறக்கிறார். இரண்டு பேரில் பழனியம்மாள் விடுமுறைக்குக் கல்வராயன் மலைக்குப் போய்விட்டாள். தந்தி கொடுத்தும் பதில் இல்லை.

“நீ போய்க் கையோட கூட்டிக்கிட்டு வந்துடு,” என்றார் தலைவர்.

“சரி சார்,” என்று சொல்லி வெளியே வந்தேன். சைக்கிள் நிறுத்துமிடம் வரை நடந்த பிறகுதான், இரண்டாவது ஆள் நான் என்பது மூளையில் ஏறிற்று. திரும்பிப் போய் மறுக்கலாம்தான். என்ன காரணம் சொல்லி மறுப்பது என்று யோசித்துப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் வாயில் வைக்க நன்றாக இல்லை. போய்த் துணி எடுத்து வைத்தேன்.

என்னைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோவதாகச் சொன்ன பஸ், கள்ளக்குறிச்சிக்கு வெகு தூரம் முன்பே நின்றது. சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருந்தது. எங்கள் ஊரிலும் மழைக்காலத்தில் மரம் விழும். பொதுப்பணித் துறைக்காரர்கள் வந்து அறுத்து எடுக்கும்வரை எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இங்கே ஓட்டுநர் என்ஜினை அணைத்தார், துண்டை உதறி இருக்கையில் விரித்தார், படுத்தார். அந்த முகத்தில் வருத்தம் துளிகூட இல்லை. பயணிகள் மூட்டைகளை இறக்கிக்கொண்டு, இது தினமும் நடப்பதுதான் என்பது போல நடக்க ஆரம்பித்தார்கள்.

மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாவிடம், “பசியாற ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டேன். எங்கள் ஊரில் அதுதான் பேச்சு. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“பசி எப்பிடிங்க ஆறும்? சூடா வடை இருக்குது,” என்றார் அந்த அம்மா.

வடையைத் தின்னத் தின்ன என் வரலாறு முழுவதையும் வாங்கிவிட்டார்கள். பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர், மறியலில் கலந்துகொண்டு அப்போதுதான் வந்தவர், ஒதுக்கீடு பற்றிக் கேட்டார். “ஒங்க ஊர்ல இதெல்லாம் உண்டுங்களா?”

“உண்டு. மண்ணின் மைந்தர்களுக்கு என்று தனி இடம் உண்டு. நாங்கள் அதில் சேர மாட்டோம். எனக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.”

“இங்க எப்பிடிக் கெடச்சுது?”

“வெளிநாட்டு மாணவர் ஒதுக்கீடு.”

பெரியவர் டீயைக் கீழே வைத்தார். “அங்க தமிழன்னு கெடைக்கல. இங்க மலேசியான்னு கெடச்சுது. கெட்டிக்காரன்யா நீ.”

அதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை என்று சொல்லப் பார்த்தேன். அதற்குள் கடைக்கார அம்மா வேறொரு கணக்கைப் போட்டு முடித்திருந்தார். “இருக்கறது ஒரு எடம். நீயும் கேக்கற, அந்தப் பொண்ணும் கேக்குது. அந்தப் பொண்ணுக்கு சேதி தெரியாது. நீ போய் சொல்லிக் கூட்டிக்கினு வரப்போற. ஏம்பா, ஒனக்கு ஒடம்பு நல்லா இருக்குதா?”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கள்ளக்குறிச்சி வரை நடந்தும், வழியில் ஒருவர் சைக்கிளில் தொற்றியும் போன நேரமெல்லாம் அந்தக் கேள்வி என் கூடவே வந்தது.

மறுநாள் காலை கள்ளக்குறிச்சியில் இட்லியும் கெட்டிச் சட்னியும் சாப்பிட்டேன். ஈப்போவில் இதே இட்லியை இதைவிடச் சிறியதாக, இதைவிடப் பெருமையாக விற்பார்கள். மலைக்கு பஸ் ஓடவில்லை. அடிவாரத்திலிருந்து உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு மேலே போகிற ஜீப் ஒன்று இருந்தது. அதில் ஏற்கெனவே ஏறியிருந்தவர்களை எண்ண முயன்று விட்டுவிட்டேன். எனக்குக் கிடைத்த இடம் உப்பு மூட்டையின் மேல், ஒரு பாட்டியம்மாவின் கோழிக்கூடைக்கும் ஓர் ஆட்டுக்கும் நடுவில்.

எங்கள் நாட்டில் கேமரன் மலைக்குப் போகிற சாலையில் வளைவுக்கு வளைவு அறிவிப்புப் பலகை இருக்கும். இங்கே வளைவு வருவதை ஆடுதான் முதலில் தெரிந்துகொண்டு என் மேல் சாய்ந்தது. பின்னாலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தமிழ் தெரியாது என்று எப்படியோ முடிவு செய்திருந்தார்கள்.

“பொண்ணு பாக்க வந்தவனா இருப்பானோ?”

“பூட்சு போட்டுக்கினு மலைக்கு வரான். பொண்ணு குடுக்க மாட்டாங்க.”

பழனியம்மாள் ஊரில் நான் இறங்கியபோது அவள் வீட்டில் இல்லை. சாமைக் கதிரைக் குருவி தின்னாமல் காக்கப் பரண் மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லி, வயலுக்கு வழி காட்டினார்கள். பரணுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கையில் கவண், மடியில் துறை நூலகத்தின் புத்தகம். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் எப்போதோ தாண்டியிருந்தது.

“இன்னா மலேசியா, வழி தவறி வந்துட்டியா?”

விஷயத்தைச் சொன்னேன். அவள் உடனே இறங்கவில்லை. இன்னொரு கல்லைக் கவணில் வைத்து எறிந்தாள். குருவிகள் எழும்பிப் பக்கத்து வயலில் போய் உட்கார்ந்தன.

“வெள்ளிக்கிழமையா?” என்றாள். “நாளைக்கு வியாழன்.”

“ஆமாம்.”

“நீ வராம இருந்திருந்தா ஒனக்கே கெடச்சிருக்கும்.”

“அதை எனக்கு வழியில் நிறையப் பேர் விளக்கிவிட்டார்கள்.”

அப்போதுதான் இறங்கினாள். இறங்கி என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். வகுப்பில் ஓராண்டாகப் பக்கத்து மேசையில் இருந்தும் அப்படிப் பார்த்ததில்லை. அவளுக்கு அரசு உதவித்தொகை முதுநிலையோடு முடிகிறது. அதற்கு மேல் படிக்க அவளுக்கு இருந்த ஒரே வழி இந்த அறக்கட்டளைதான். இது தவறினால் மலைப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை காத்திருந்தது. மோசமான வேலை இல்லை. ஆனால் சாமை விதைகளைப் பற்றி அவள் வைத்திருந்த கேள்விகளுக்கு அங்கே நுண்ணோக்கி கிடையாது. எனக்கு அப்படி இல்லை. தவறினால் ஈப்போவுக்குப் போய் அப்பாவின் சலவைக் கடையில் உட்காரலாம், பிறகு எங்காவது ஆசிரியர் வேலை தேடலாம். ஆனாலும் எனக்கும் ஆசை இருந்தது. அந்தக் கோட்டு எனக்கு எப்படி இருக்கும் என்று கண்ணாடி முன் நின்று யோசித்திருக்கிறேன்.

அவளுடைய அப்பா சென்றாயன் மெலிந்த மனிதர். சாமைச் சோறும் அவரைக் கொட்டைக் குழம்பும் வைத்தார்கள். சாமை, கரண்டியிலிருந்து மணல் போல விழுந்தது. வாயில் போட்டால் மணலாக இல்லை. நான் மெதுவாகச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அவர் விசாரித்தார்.

“எங்க பொண்ணுக்குக் கெடச்சா ஒங்களுக்கு?”

“எனக்குக் கிடைக்காதுங்க.”

“ஒங்களுக்குக் கெடச்சா?”

“பழனியம்மாளுக்குக் கிடைக்காது.”

அவர் என் சோற்றைப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்து மனைவியிடம் சொன்னார். “இவருக்கு இன்னும் ஜாஸ்தியாப் போடு. கம்மியாப் போட்டா, போட்டிக்கோசரம் கம்மியாப் போட்டோம்னு ஆயிடும்.”

அந்த நியாயத்துக்காக நான் மூச்சு முட்டச் சாப்பிட வேண்டியிருந்தது. பிறகு தேன் வந்தது. அதிலும் நியாயம் தவறவில்லை.

ஜீப் உடனே திரும்பாது என்பது காலையில்தான் தெரிந்தது. மேலே வந்த ஓட்டுநருக்குக் கீழே இருந்த செய்திகள் பிடிக்கவில்லை. கீழே போலீஸ் வேன்கள் சுற்றுகின்றனவாம், சில ஊர்களில் ஆண்கள் வீட்டில் படுப்பதில்லையாம். “நடந்துடலாம்,” என்றாள் பழனியம்மாள். சான்றிதழ்களை ஓர் உரச்சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். சென்றாயன் ஊர் எல்லை வரை வந்தார். என்னிடம், “பாத்து கூட்டிக்கினு போங்க,” என்றார். அடுத்த பாறையிலேயே நான் வழுக்கி உட்கார்ந்தேன். யார் யாரைக் கூட்டிப்போவது என்பது அங்கேயே தீர்ந்தது.

குறுக்கு வழியில் இறங்கினோம். அவள் இறங்கிக்கொண்டே பேசினாள், நான் இறங்குவதை மட்டும் செய்தேன். கடுக்காய் மரம், நெல்லி, ஈரப்பாறையில் ஒட்டிய ஒரு சிறு செடி என்று ஒவ்வொன்றிடமும் நின்றாள். “வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை,” என்று நான் நினைவூட்டினேன். தூரத்தில் கோமுகி அணையின் நீர் தெரிந்தபோது என் சப்பாத்தின் அடித்தோல் வாய் திறந்துவிட்டது. ஜீப்பில் வந்த பெண்கள் சொன்னது சரி. இந்தச் சப்பாத்துக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

சமவெளியில் கரும்பு ஏற்றப்போன டிராக்டர் ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. பெரிய சாலை அடைபட்டிருந்ததால் கிராமங்கள் வழியாகச் சுற்றி ரிஷிவந்தியம் வந்தோம். ஓட்டுநர் சாப்பிடப் போன நேரத்தில் கோயிலுக்குள் போனோம். அங்கே இருப்பவர் அர்த்தநாரீசுவரர். பழனியம்மாள் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “ஒரே எடத்துல ரெண்டு பேரு எப்பிடி இருக்காங்க பாத்தியா? வெள்ளக்காரருக்கு இந்தக் கோயிலக் காட்டியிருக்கணும்.”

மணலூர்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடியும் மரம். இந்த முறை மரத்தோடு ஆட்களும் இருந்தார்கள். டிராக்டரைத் திரும்பச் சொன்னார்கள். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, பால் வண்டி இவற்றை மட்டும்தான் விடுவார்களாம். அரிவாள் வைத்திருந்த ஒருவர், முப்பது வயதிருக்கும், எங்களைக் கேட்டார். “நீங்க இதுல எது?”

நான் ஆஸ்பத்திரி என்று சொல்ல வாய் திறந்தேன். கொப்புளம் கண்ட காலைக் காட்டினால் நம்பியிருப்பார்கள். பழனியம்மாள் முந்திக்கொண்டாள்.

“படிப்பு. நீங்க இன்னாத்துக்கு மரத்த வெட்டிப் போட்டிருக்கீங்க?”

“படிப்புக்கும் வேலைக்கும் எடம் கேட்டுத்தான்.”

“நானும் அதத்தான் கேக்கப் போய்க்கினு இருக்கேன். நாளைக்குக் காலையில மெட்ராஸ்ல இருக்கணும். மலையிலேருந்து நடந்து வரேன்.”

அவர் மரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் விடவில்லை. “இந்தப் புளிய மரம் ஒங்க தாத்தா காலத்துது. இது இன்னாங்க பண்ணிச்சு?”

கூட்டத்தில் சிலருக்குக் கோபம் வந்தது. எனக்குப் பயம் வந்தது. அரிவாள்காரர் கையைக் காட்டி அவர்களை அமர்த்தினார். “மரம் ஒண்ணும் பண்ணல. நான் பி.ஏ. முடிச்சுட்டு எத்தினி வருசமா எழுதிப் போட்டுக்கினு இருக்கேன். எங்க தெருவுல காலேஜ் வாசப்படி ஏறினவன் நான் ஒருத்தன். மனு குடுத்தோம், யாரும் திரும்பிப் பாக்கல. மரம் விழுந்துச்சு, எல்லாரும் பாக்கறாங்க.”

அவள் குனிந்து, வெட்டுவாயில் தெரிந்த வளையங்களைப் பார்த்தாள். எல்லாரும் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெட்டுவாயில் ஈரம் காயவில்லை.

பிறகு அவர் உரச்சாக்கை அவள் கையிலிருந்து வாங்கி, மரத்தின் அந்தப் பக்கம் கொண்டுபோய் மெதுவாக வைத்தார். “போய் வாங்கிக்கினு வாம்மா. இப்பிடி ஒண்ணு இருக்குதுன்னே எங்களுக்குத் தெரியாது.” என்னைக் காட்டி, “இவரு யாரு?” என்று கேட்டார்.

“எனக்குப் போட்டி,” என்றாள் அவள்.

அவர் என் சப்பாத்தைப் பார்த்தார். “அப்ப நீ பயப்பட வேணாம்,” என்றார்.

ஆற்றுப் பாலத்தில் போலீஸ் நிற்பதாகச் சொன்னதால், அவரே எங்களை வேறு வழியில் பெண்ணை ஆற்றுக்குக் கூட்டிப்போனார். முழங்கால் அளவு தண்ணீர்தான் என்றார். அது அவருடைய முழங்கால் என்பதை நடு ஆற்றில் தெரிந்துகொண்டேன். பேராக் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்கள் ஆறு பெண்ணையை ஓடை என்று சொல்லும். அந்த ஓடையில் மணல் காலடியிலிருந்து நழுவியது. இடுப்புவரை அமிழ்ந்தேன். பழனியம்மாள் ஒரு கையால் சாக்கைத் தலையில் பிடித்தபடி, மறு கையால் என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

“உட்டிருந்தா எனக்கே கெடச்சிருக்கும்,” என்றாள்.

அக்கரையில் என் கால்சட்டை காயும்வரை ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, அவள் வீட்டில் கட்டிக்கொடுத்த சாமைச் சோற்றைச் சாப்பிட்டோம். அதன் பிறகு எங்களை ஏற்றிக்கொண்டது பால் வண்டி. பாலுக்குத்தான் எந்த மரமும் குறுக்கே வராதே. நான் தூங்கிப்போனேன். விழித்தபோது சென்னை.

நேர்காணலுக்கு நேரம் இருந்தது. விடுதியில் தயாராக இருந்த இஸ்திரி போட்ட சட்டைக்கு நான் மாறினேன். பெண்கள் விடுதி பூட்டியிருந்ததால் பழனியம்மாள் புடவையின் கீழ்விளிம்பு மண்ணோடு அப்படியே வந்தாள். குழாயடியில் முகம் கழுவியதோடு சரி.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரப் பெரியவர் கனிவான ஆள். காதில் முடி அடர்ந்திருந்தது. எங்கள் தலைவர் நாங்கள் வந்த விதத்தைச் சொல்லியிருப்பார் போல. “பயணமெல்லாம் எப்படி இருந்தது?” என்று விசாரித்தார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இதற்கு விடை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். “மிக நன்றாக இருந்தது ஐயா, நன்றி,” என்றேன். பிறகு அவர் பாசிகளைப் பற்றிக் கேட்டார். நான் பாசிகளைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் சரியாகவே சொன்னேன்.

அடுத்து பழனியம்மாள் போனாள். கதவு சாத்தியிருந்தது. முதலில் அவள் குரல் மட்டும் கேட்டது, தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில். பிறகு ஒரு சிரிப்பு. மறுபடியும் அவள் குரல். எங்கள் தலைவர் ஒரு முறை வெளியே வந்து, தாவரவியல் அகராதி ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

அவள் வெளியே வந்ததும், “என்ன கேட்டார்?” என்றேன்.

“பயணம் எப்பிடி இருந்துச்சுன்னாரு. சொன்னேன்.”

“என்ன சொன்னாய்?”

“வழியில இருந்த செடி, மரம், வெட்டுவாயில பாத்த வளையம், சாமைக்கு மழை தவறினது, பாற மேல இருந்த அந்தச் செடி. அதத்தான் அவரு திரும்பத் திரும்பக் கேட்டாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் நேரமாயிடுச்சு.”

முடிவைத் தலைவர் மதியமே சொல்லிவிட்டார். பழனியம்மாள். அவர் என் தோளில் கை வைத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பழனியம்மாளைக் காணோம். மறுபடியும் உள்ளே போயிருந்தாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

“கேட்டுட்டேன். முடியாதாம்.”

“எதை?”

“ஆளுக்குப் பாதிக் காலம் போயிட்டு வரோம்னு கேட்டேன். அப்பிடிப் பிரிச்சுக் குடுக்கற பழக்கம் இல்லயாம்.”

அவள் விளையாடவில்லை. சாப்பிடப் போகலாமா என்றேன்.

கல்லூரிக்கு எதிரே திறந்திருந்த ஒரே மெஸ்ஸில் உட்கார்ந்தோம். துக்கத்தில் சோறு இறங்காது என்பார்கள். நான் மூன்று முறை சோறு வாங்கினேன். முதல் முறை வாங்கியபோது அவள் மேல் வருத்தம் இருந்தது. ரசத்துக்கு வரும்போது வெள்ளைக்காரர் மேல் மட்டும் இருந்தது. மோர் ஊற்றியபோது பள்ளிக்கூடத்தில் எனக்கு மரியாதை கற்றுக்கொடுத்த ஆசிரியரைத் தவிர வேறு யார் மேலும் இல்லை.

பழனியம்மாள் அதிகம் சாப்பிடவில்லை. இலையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பரண் மேலும், மரத்தடியிலும், ஆற்றிலும் பார்க்காத ஒரு முகம் அப்போது அவளுக்கு இருந்தது.

“மலேசியா, தெரியாத ஊர்ல எப்பிடி இருக்கறது? ஒனக்குத்தான் அது தெரியும்.”

என் வாழ்க்கையில் ஒருவர் என்னிடம் கேட்டு, எனக்கு உண்மையாகவே விடை தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். யோசித்துச் சொன்னேன். “கொஞ்ச நாளைக்கு அவங்க பேசறது புரியாது. அப்போ புரிஞ்ச மாதிரி தலையாட்டிடாதே. நான் அப்படித்தான் ஆட்டினேன், முதல் வருஷம் பாதி போயிடுச்சு. புரியலன்னா, இன்னான்னு கேளு.”

“இன்னாவுக்கு இங்கிலீஷ்ல இன்னா?”

“‘பார்டன்’னு சொல்லணும். கொஞ்சம் குனிஞ்சு, மெதுவா.”

அவள் உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிடிக்கவில்லை. இலையை மடித்தாள்.

“வேணாம்,” என்றாள். “இன்னான்னே கேட்டுக்கறேன்.”